சிக்கிமுக்கிக் கல் சாலையில் 320 கிலோமீட்டர்



அண்மையில் ஒரு செம்பனைத் தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். முன்னாளில் பால்மரம் வெட்டிய ஒரு மூதாட்டி அங்கே நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய பேரனுக்கு வயது 17. அமெரிக்காவில் நடக்கும் ஒரு மிதிவண்டிப் பந்தயத்தைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறான். தானும் அப்படி நெடுந்தூரம் ஓட்டிப் பழகவேண்டும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறாமலே கிளம்பிவிட்டான். வண்டியில் இருந்தது ஒரே ஒரு போத்தல் தண்ணீர். தோட்டத்துச் செம்மண் சாலைகளையே சுற்றிச் சுற்றி 60 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறான். நண்பகல் வெயிலில் தலைசுற்றிச் சாலையோரம் சாய்ந்தவனை, குலை ஏற்ற வந்த லாரிக்காரர் தூக்கி வந்து வீட்டில் சேர்த்தார். நல்ல வேளையாகப் பெரிய தீங்கு ஒன்றும் நேரவில்லை.

அந்த மூதாட்டி கேட்டார்: “ஏன் தம்பி, நாங்க விடியக்கால நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு ஓடினோம்னா, அது வயித்துக்காக. இந்தப் பிள்ளைங்க காசு கட்டி ஒடம்ப வருத்திக்குதுங்களே, இதுக்குச் சம்பளம் யாரு கொடுக்குறா? இவனைத் தடுத்து நிறுத்தறதா, போடான்னு விட்டுடறதா?”

இரண்டு கேள்விகளும் நியாயமானவை. உடல் உழைப்பின் அருமையை அறிந்தவர்தான் இப்படிக் கேட்க முடியும். அந்த அம்மாவுக்கு அன்று நாம் அரைகுறையாகச் சொன்ன பதிலை, இன்று சற்று விரிவாக உங்கள் எல்லாருக்கும் சொல்ல முற்படுகிறோம். முதலில் அந்தப் பையன் பார்த்த பந்தயம் எது, அது எங்கே நடக்கிறது என்பதைக் காண்போம்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில் கான்சஸ் என்றொரு மாநிலம் உண்டு. அதன் கிழக்குப் பகுதியில் எம்போரியா என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கு வாழ்வோர் ஏறக்குறைய 24,000 பேர். அந்த ஊரைச் சுற்றிலும் அலையலையாகப் புல்மேடுகள் பரந்து கிடக்கின்றன. அவற்றிற்குச் சிக்கிமுக்கிக் கல் குன்றுகள் என்று பெயர். ஒன்றோடொன்று உரசினால் தீப்பொறி தரும் என்று நம் முன்னோர் சொல்வார்களே, அந்தக் கல்தான். அங்கே சுண்ணாம்புப் பாறைக்கு நடுவே அது அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. மேல்மண் குறைவு; தோண்டினால் கல். ஆகவே, குடியேறிய விவசாயிகளால் அங்கே ஏர் பூட்டி உழ முடியவில்லை. உழமுடியாத நிலத்தை மாடு மேய்க்க விட்டார்கள். ஒருகாலத்தில் வட அமெரிக்காவின் நடுவே பெரும்பரப்பில் விரிந்திருந்த உயர்புல் வெளியில் இன்று எஞ்சியிருப்பது நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை. அந்த எஞ்சிய பங்கில் பெரும்பகுதி இந்தக் குன்றுகளில்தான் இருக்கிறது. கல் இருந்ததால் புல் பிழைத்தது.

அந்தப் புல்வெளிகளின் ஊடே செல்லும் சாலைகளுக்குத் தார் கிடையாது. அந்த மண்ணில் கிடைத்த கல்லையே உடைத்துப் பரப்பியிருக்கிறார்கள். நம் தோட்டங்களில் குலை லாரி போகும் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் போலத்தான் அதுவும். ஆனால், அங்கே கிடக்கும் கல்லின் ஓரம் கத்திபோல் இருக்கும். அந்நாட்டுப் பழங்குடி மக்கள் அந்தக் கல்லைச் செதுக்கித்தான் அம்பு முனை செய்தார்கள் என்றால் அதன் கூர்மையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தச் சாலைகளில் 2006-ஆம் ஆண்டு ஒரு பந்தயம் தொடங்கியது. முதலாண்டில் கலந்துகொண்டவர்கள் 34 பேர்தான். தூரம் 200 மைல். நம் கணக்கில் சுமார் 320 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டு ஜொகூர் பாருவை நெருங்கும் தூரம் அது. அதையும் ஒரே நாளில், கல் சாலையில், மிதிவண்டியில் கடக்கவேண்டும். ஏற்றங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 3,000 மீட்டர் அளவுக்கு மேலே ஏறியிருப்பார்கள். இன்று ஆண்டுதோறும் மே மாத இறுதியையொட்டியோ ஜூன் தொடக்கத்திலோ சில ஆயிரம் பேர் அந்தச் சிற்றூரில் வந்து கூடுகிறார்கள். எல்லாரும் 320 கிலோமீட்டர் ஓட்டுவதில்லை. 25 மைல், 50 மைல், 100 மைல் எனச் சிறிய தூரங்களும் உண்டு. 2018 முதல் 350 மைல் தூரமும் சேர்க்கப்பட்டது. விண்ணப்பிப்போர் மிகுதியாக இருப்பதால் சீட்டுக் குலுக்கி ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்தப் பந்தயத்தின் பெயரிலும் ஒரு செய்தி உண்டு. தொடக்கத்தில் அதற்கு ‘டர்ட்டி கான்சா’ என்று பெயர். கான்சா என்பது அந்த மண்ணின் பழங்குடி மக்களின் பெயர். கான்சஸ் என்ற மாநிலப் பெயரே அவர்களிடமிருந்து வந்ததுதான். தென்காற்றின் மக்கள் என்று அதற்குப் பொருள் கூறுவர். 1873-ல் அவர்கள் அந்த மாநிலத்தைவிட்டே வெளியேற்றப்பட்டு, இன்றைய ஓக்லஹோமா பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். அப்படி மண்ணை இழந்த மக்களின் பெயரோடு ‘அழுக்கு’ என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்து வழங்குவது சரியல்ல என்ற எதிர்ப்புக் குரல் எழுந்தது. 2020-ஆம் ஆண்டு பெயரை ‘அன்பவுண்ட் கிராவல்’ என்று மாற்றினார்கள். கட்டற்ற சரளைச் சாலை என்று நாம் பொருள் கொள்ளலாம். ஒரு மக்களின் பெயரை இழிவோடு சேர்த்துச் சொல்வது எத்தகைய வலி என்பதை விளக்கவேண்டிய அவசியம் நம்மிடையே இல்லை.

சரி, அந்தப் பந்தயத்தில் யார் ஓட்டுகிறார்கள்? முன்வரிசையில் செல்பவர்கள் அதையே தொழிலாகக் கொண்ட வீரர்கள். 2019-ல்தான் முதன்முறையாக ஒருவர் 200 மைல்களைப் 10 மணி நேரத்துக்குள் கடந்தார். கோலின் ஸ்டிரிக்லண்ட் என்பது அவர் பெயர். கல் சாலையில் மணிக்குச் சராசரி 32 கிலோமீட்டர்! அவர்களுடைய கதை வேறு. நாம் பேச வந்தது அவர்களுக்குப் பின்னால் வரும் பெருங்கூட்டத்தைப் பற்றி.

அந்தப் பெருங்கூட்டத்தினர் நம்மைப் போல வேலைக்குப் போய் வருகிறவர்கள். ஆசிரியர், தாதி, பண்ணைக்காரர், கடையில் வேலை செய்பவர், பணி ஓய்வு பெற்றவர் என்று பல வகையினர். அவர்களை அமெச்சூர் வீரர்கள் என்கிறோம். தொழிலுக்காக அல்லாமல் விருப்பத்துக்காக விளையாடுபவர்கள் என்று பொருள். காலை சுமார் 6 மணியளவில் அவர்கள் புறப்படுவார்கள். மறுநாள் அதிகாலை 3 மணிக்குள் திரும்பிவிட்டால் பந்தயத்தை முடித்தவராகக் கருதப்படுவார்கள். அதாவது, ஓய்வு நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 அல்லது 16 கிலோமீட்டர் போனால் போதும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றுகிறது அல்லவா? கடைக்குப் போகிற வேகந்தான். ஆனால், அந்த வேகத்தை இருபது மணி நேரம் விடாமல் காக்கவேண்டும். அங்கேதான் சோதனை இருக்கிறது.

பெண்களும் இதில் பெருமளவில் பங்கேற்கிறார்கள். தொடக்க ஆண்டுகளில் அவர்கள் மிகச் சிலராகவே இருந்தனர். 2017-ல் 200 மைல் பந்தயத்தில் 200 இடங்களைப் பெண்களுக்கென்றே ஒதுக்கி அழைப்பு விடுத்தார்கள். இடம் ஒதுக்கியதும் பெண்கள் வந்தார்கள். வரமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவே பதிலாயிற்று.

இனி, வண்டியைப் பற்றிச் சிறிது காண்போம். இதில் நமக்கு மிகவும் பழக்கமான ஒரு பொருளும் வரப்போகிறது.

தார்ச்சாலையில் பந்தயம் ஓட்டும் மிதிவண்டியின் டயர் மெல்லியது. விரலகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அதில் காற்றைக் கல்போல் அடைத்திருப்பார்கள். கல் சாலைக்கு அது ஆகாது. இங்கே அதைவிட மிகவும் அகலமான டயரைப் பயன்படுத்துகிறார்கள். காற்றும் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். காற்றுக் குறைந்தால் வண்டி மெதுவாகத்தானே போகும் என்று நீங்கள் கேட்கலாம். வழுவழுப்பான சாலையில் ஓரளவு அப்படித்தான். கல் சாலையில் அப்படியில்லை. காற்று மிகுந்த டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். துள்ளும்போது நம் சக்தி முன்னே செல்லாமல் மேலே சென்று வீணாகிறது. கையும் முதுகும் நோகின்றன. காற்று அளவாக இருந்தால் டயர் கல்லை அணைத்துக்கொண்டு உருளும். ஆனால், மிகவும் குறைத்துவிட்டால் சக்கரத்தின் வளையமே கல்லில் மோதி நசுங்கும். ஆகவே, எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டு.

அடுத்து, கூரிய கல் டயரைக் குத்தினால் என்ன செய்வது? பழைய முறையில் டயருக்குள் டியூப் இருக்கும். பஞ்சரானால் கழற்றி ஒட்டவேண்டும். இப்போது பெரும்பாலோர் டியூப் இல்லாத டயரையே பூட்டுகிறார்கள். அதனுள்ளே ஒரு வெண்மையான திரவத்தைச் சிறிதளவு ஊற்றி வைக்கிறார்கள். சக்கரம் சுழலும்போது அது உட்புறமெங்கும் பரவிக்கொண்டே இருக்கும். டயரில் ஓட்டை விழுந்தால், வெளியேறும் காற்றோடு அந்தத் திரவமும் ஓட்டைக்கு ஓடும். அங்கேயே திரண்டு, கட்டியாகி, ஓட்டையை அடைத்துவிடும். ஓட்டுபவர் இறங்கவும் வேண்டியதில்லை.

அந்த வெண்மையான திரவம் என்ன தெரியுமா, நேயர்களே? அவற்றுள் பலவற்றில் இருப்பது ரப்பர் பால்தான். ஆம், மரத்தை வெட்டி மங்கில் ஏந்தினோமே, அதே பால். அது உறைந்துவிடாமல் இருக்க அமோனியாவும் சிறிது சேர்த்திருப்பார்கள். பால் ஸ்டோரில் மூக்கைத் துளைத்த அந்த நெடியை நம் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மங்கில் விட்டுவிட்ட பால் தானே திரண்டு கட்டிப்பாலாவதை நாம் பார்த்திருக்கிறோம். மரத்தில் வெட்டுக்காயத்தின் மேல் பால் உறைந்து கோடாக ஒட்டிக்கொள்வதையும் பார்த்திருக்கிறோம். மரம் தன் காயத்தை மூடிக்கொள்ளும் அந்த இயல்பைத்தான் இன்று டயருக்குள் வைத்திருக்கிறார்கள். எங்கோ கான்சஸ் மாநிலத்தில் ஒருவருடைய சக்கரம் நிற்காமல் ஓடுகிறது என்றால், ஏதோவொரு நாட்டில் விடியற்காலையில் எழுந்து மரம் வெட்டிய ஒருவரின் உழைப்பும் அதற்குள் இருக்கிறது. இதைச் சொன்னபோது அந்த மூதாட்டி வாய்விட்டுச் சிரித்தார். “நம்ம பாலா?” என்று இரண்டு முறை கேட்டார்.

அந்தப் பாலுக்கும் எல்லை உண்டு. சிறு ஓட்டையை அது அடைக்கும். பெரிய கிழிசல் என்றால், பசையுள்ள ஒரு ரப்பர்த் திரியை ஊசியால் குத்திச் செருகவேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் பழையபடி டியூப்தான். சில மாதங்களில் உள்ளேயிருக்கும் பால் காய்ந்துவிடும். அப்போது மீண்டும் ஊற்றவேண்டும். அதனால் ஒவ்வொருவரும் திரி, டியூப், காற்றடிக்கும் பம்பு, சங்கிலியைச் சரிசெய்யும் கருவி ஆகியவற்றைத் தம்முடனேயே கொண்டு செல்வார்கள். பந்தய வழியில் குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் வெளியார் உதவியைப் பெறக்கூடாது என்பது விதி. பழுது நேர்ந்தால் தானே சரிசெய்யவேண்டும்.

வண்டியைவிட முக்கியமானது அதை ஓட்டுகிறவரின் உடம்பு. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பார்கள். மூதாட்டியின் பேரன் ஏன் விழுந்தான் என்பதற்கும் விளக்கம் இங்கேதான் இருக்கிறது.

நாம் உண்ணும் சோறு, ரொட்டி, பழம் ஆகியவற்றில் உள்ள மாவுச்சத்தை உடம்பு சேமித்து வைக்கிறது. ஈரலிலும் தசைகளிலும் அது இருக்கும். கடினமாக உழைத்தால் சுமார் இரண்டு மணி நேரத்தில் அந்தச் சேமிப்புப் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு கால் நகராது. கண் இருளும். அறிவும் மங்கும். பசி எடுத்த பிறகு உண்டு அதைச் சரிசெய்ய நெடுநேரம் ஆகும். எனவே, நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் பசிக்குமுன்பே உண்பார்கள். அரைமணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாக உண்டு, மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து வயிற்றுக்குள் போகும்படி பார்த்துக்கொள்வார்கள். இரண்டு வாழைப்பழத்திலும் ஒரு துண்டு ரொட்டியிலும் ஏறக்குறைய 60 கிராம் கிடைத்துவிடும். 15 மணி நேரம் ஓட்டுகிறவருக்குக் கணக்குப் போட்டால் 900 கிராம் ஆகிறது. ஒரு கிலோவுக்கும் மேலான அரிசியில் இருக்கும் சத்து அது! கடையில் விற்கும் இனிப்புப் பசைகளை உண்பவர்கள் பலர். உப்பிட்டு அவித்த உருளைக்கிழங்கையும், சோற்றை அழுத்திக் கட்டியாக்கித் துண்டு போட்டதையும் தின்பவர்களும் உண்டு. ஆகவே, நெடும்பயணத்துக்கு வெளிநாட்டு உணவுதான் வேண்டும் என்பதில்லை. ஆனால், அளவறிந்து நேரமறிந்து உண்ணப் பழகவேண்டும். அதையும் வீட்டிலேயே, பயிற்சியின்போதே பழகவேண்டும்.

அடுத்தது தண்ணீர். அந்தப் புல்வெளியில் நிழல் கிடையாது. ஜூன் மாதத்தில் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவது சாதாரணம். தென்காற்று முகத்தில் அடித்து ஈரத்தை உறிஞ்சும். அங்கே ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை நீர் தேவைப்படும். நம் நாட்டு வெக்கையிலும் அப்படித்தான். வியர்வையில் நீரோடு உப்பும் போய்விடுகிறது. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து, தலைவலியும் மயக்கமும் வந்து, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதனால் நீரில் சிறிது உப்பும் சீனியும் கலந்துகொள்கிறார்கள். ஒரு லிட்டர் நீரில் நான்கு மேசைக்கரண்டி சீனியும் கால் தேக்கரண்டி உப்பும் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் போதும்.

இந்த இடத்தில், மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கு மட்டுமல்லாமல் வெயிலில் வேலை செய்யும் எல்லாருக்கும் ஒரு செய்தி. வெப்பத்தால் வரும் களைப்பு வேறு, வெப்பத் தாக்கு வேறு. களைப்பு என்றால் தலைசுற்றல், குமட்டல், மிகுந்த வியர்வை, தசைப்பிடிப்பு ஆகியவை இருக்கும். நிழலில் படுக்கவைத்து, உப்பும் சீனியும் கலந்த நீரைக் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். வெப்பத் தாக்கு அப்படியல்ல. உடம்பின் வெப்பம் 40 பாகைக்கு மேல் போய்விடும். பேச்சுத் தடுமாறும். கேட்ட கேள்விக்குப் பொருத்தமில்லாமல் பதில் வரும். நினைவும் தப்பும். அப்போது ஒரு நொடியும் வீணாக்கக்கூடாது. 999-ஐ அழைத்துவிட்டு, ஆளை நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பு முழுவதும் தண்ணீரை ஊற்றி விசிறவேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அந்தப் பையனை லாரிக்காரர் பார்க்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, ஓட்டும் முறையைக் காண்போம். புறப்படும்போது எல்லாருக்கும் உடம்பில் புத்துணர்ச்சி இருக்கும். பக்கத்திலிருப்பவர் வேகமாகப் போனால் நமக்கும் கால் துடிக்கும். அங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் வீணாக்கிய வலிமையைப் பிற்பகலில் எங்கே தேடுவது? அனுபவமுள்ளவர்கள் தொடக்கத்தில் வேண்டுமென்றே மெதுவாகப் போவார்கள். 320 கிலோமீட்டரையும் மனத்தில் சுமக்கமாட்டார்கள். அடுத்த நிறுத்தம்வரை உள்ள தூரத்தை மட்டும் எண்ணுவார்கள். நிரை பிடித்து மரம் வெட்டியவர்களுக்கு இது புதிதல்ல. அத்தனை மரங்களையும் ஒன்றாக எண்ணினால் மலைப்புத்தான் வரும். ஒரு மரம் முடித்து அடுத்த மரம் என்று போனதால்தானே நிரை முடிந்தது?

அந்த நிறுத்தங்களில் குடும்பத்தினர் காத்திருப்பார்கள். சிறிய ஊர்களில் வண்டியை நிறுத்தி, நாற்காலி போட்டு, போத்தல்களை நிரப்பி, சங்கிலிக்கு எண்ணெயும் கையில் துணியுமாக நிற்பார்கள். மனைவி ஓட்டினால் கணவர் காத்திருப்பார். தந்தை ஓட்டினால் பிள்ளைகள் காத்திருப்பார்கள். வந்தவர் என்ன சாப்பிட்டார், தெளிவாகப் பேசுகிறாரா என்று பார்க்கிற பொறுப்பும் அவர்களுடையது. தனியாள் பந்தயம் என்று சொன்னாலும், தனியாகப் போகிறவர் அங்கே குறைவு.

மழை பெய்துவிட்டால் கதையே மாறிவிடும். 2015-லும் 2023-லும் அப்படி நடந்தது. அந்த மண் சேறாகிச் சக்கரத்தில் பசைபோல் அப்பிக்கொண்டது. சக்கரம் சுழலவே இல்லை. பிடிவாதமாக மிதித்தவர்கள் பலரின் வண்டியில் கியர் மாற்றும் கருவி முறிந்து, அவர்களுடைய பந்தயம் அங்கேயே முடிந்தது. இறங்கி, வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, புல்லோரமாக நடந்தவர்கள் பிறகு ஏறி ஓட்டி ஊர் போய்ச் சேர்ந்தார்கள். சேற்றைச் சுரண்டுவதற்கென்றே ஒரு தட்டையான குச்சியைச் சட்டைப்பையில் வைத்திருந்தவர்களும் உண்டு. எப்போது மிதிப்பது, எப்போது இறங்கி நடப்பது என்று அறிவதும் இந்த விளையாட்டில் ஒரு திறமை.

எப்போது நிறுத்திக்கொள்வது என்று அறிவது அதைவிடப் பெரிய திறமை. ஒவ்வோர் ஆண்டும் பலர் பாதியிலேயே விலகிக்கொள்கிறார்கள். உடம்பு ஒத்துழைக்கவில்லை, வண்டி பழுதாயிற்று, நேரம் கடந்துவிட்டது எனக் காரணம் பல. அவர்களை யாரும் தாழ்வாகப் பார்ப்பதில்லை. மறு ஆண்டு மீண்டும் வருகிறார்கள். ஓட்டி முடித்தவர்களுக்கு என்ன கிடைக்கிறது? நள்ளிரவைத் தாண்டி, உடம்பெல்லாம் புழுதியோடு, விளக்கைப் போட்டுக்கொண்டு ஒருவர் எம்போரியாவின் கடைத்தெருவுக்குள் நுழைகிறார். அந்த நேரத்திலும் தெருவோரம் நின்று மக்கள் கைதட்டுகிறார்கள். அவருடைய குடும்பத்தினர் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார்கள். அவருக்குப் பணப்பரிசு ஒன்றும் கிடையாது.

இப்போது மூதாட்டியின் முதற்கேள்விக்கு வருவோம். சம்பளம் யார் கொடுக்கிறார்கள்? யாரும் கொடுப்பதில்லை, அம்மா. நாள் முழுவதும் நாம் செய்யும் வேலையின் அளவை வேறொருவர் வைக்கிறார். இத்தனை மரம், இத்தனை கிலோ, இத்தனை குலை என்று கணக்கு வேறொருவர் கையில் இருக்கிறது. உடம்பு நம்முடையது, அளவு அவர்களுடையது. இந்தப் பந்தயத்தில் ஓட்டும் சாதாரண மனிதர், ஒரு நாளைக்காவது தம் உடம்பின் அளவைத் தாமே வைத்து, தாமே அளந்து பார்க்கிறார். அந்தக் கணக்குப் புத்தகம் அவருடைய கையிலேயே இருக்கிறது. உங்கள் பேரன் தேடியதும் அதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. அது தவறான ஆசை அன்று.

ஆனால், ஆசைக்கு முன் அறிவு வேண்டும். ஆகவே, இரண்டாம் கேள்விக்கு நம் பதில் இது: தடுக்கவேண்டாம், அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். கற்றுக்கொடுத்து அனுப்புங்கள்.

முதல் வாரம் 15 கிலோமீட்டர் போதும். அதன்பின் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் மெல்லக் கூட்டலாம். நூறு கிலோமீட்டரை எட்டப் பல மாதங்கள் பிடித்தால் பிடிக்கட்டும். விடியற்காலையில் பசியாறிவிட்டுப் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்பவேண்டும். தலைக்கவசம் இல்லாமல் ஏறக்கூடாது. முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். தோட்டத்துச் சாலையில் ஓட்ட நிர்வாகத்திடம் சொல்லிவைக்கவேண்டும். லாரியும் டிராக்டரும் வரும் நேரத்தைத் தவிர்க்கவேண்டும். எந்த வழியாகப் போகிறான், எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகவேண்டும். முடிந்தால் இருவராகப் போவது நல்லது. இரண்டு போத்தல் தண்ணீரும், தின்ன ஏதாவதும், பஞ்சர் ஒட்டும் சாமானும் வண்டியிலேயே இருக்கவேண்டும்.

பெரியவர்களும் ஓட்டலாம். ஆனால், நீரிழிவோ இரத்தக் கொதிப்போ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்கவேண்டும். நம் நாட்டில் நீரிழிவு நம் சமூகத்தில்தான் மிகுதி என்பதை நாம் அறிவோம். அவர்களுக்கு அளவான மிதிவண்டிப் பயிற்சி நன்மையே தரும்.

விலை உயர்ந்த வண்டிக்காகக் கடன் வாங்கவேண்டாம் என்பதையும் அழுத்திச் சொல்கிறோம். கல் சாலைக்கென்றே செய்யப்பட்ட வண்டி பல ஆயிரம் வெள்ளி விலை. அந்த அமெரிக்கப் பந்தயத்துக்கு நுழைவுக் கட்டணமே நூற்றுக்கணக்கான டாலர். அவை இல்லாமலும் தொடங்கலாம். சக்கரம் நேராகச் சுழன்று, பிரேக் நன்றாகப் பிடித்து, டயர் ஓரளவு அகலமாக இருந்தால் பழைய வண்டியே போதும். சாலையோ, உங்கள் லயத்து வாசலிலேயே தொடங்குகிறது.

விடைபெறும்போது அந்த மூதாட்டி பேரனைக் கூப்பிட்டு, “அடுத்த ஞாயித்துக்கெழம போறதுன்னா, நான் சோறு கட்டித் தரேன். எடுத்துக்கிட்டுப் போ. பத்து மணிக்குள்ள வந்துடணும்” என்றார். நாம் இவ்வளவு நேரம் சொன்னதையெல்லாம் அவர் மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.